முதல் தூண்டில்: என்ன வாங்கலாம், எங்கே போடலாம்?

தூண்டில் போட ஆசை வந்துவிட்டது. கடைக்குப் போனால் சுவர் முழுக்க ராடும் ரீலும் தொங்குகின்றன. கடைக்காரர் ஒன்று சொல்கிறார், உடன் வந்த நண்பர் வேறொன்று சொல்கிறார், யூடியூபில் பார்த்தது இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. எதை எடுப்பது, எங்கே போய்ப் போடுவது, போலீசோ குத்தகைக்காரரோ வந்து கேட்டால் என்ன சொல்வது? இப்படிக் குழம்பி நிற்கும் புதியவருக்காகத்தான் இந்தக் கட்டுரை. தூண்டிலோடு சேர்த்துப் பலரும் கேட்கிற வேட்டை, ஏர்கன் பற்றியும் பின்பாதியில் பார்ப்போம்.

முதலில் எதை வாங்குவது?

எதையும் வாங்காதீர்கள். எந்தத் தண்ணீரில் போடப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தண்ணீர் முடிவானால் மீன் தெரியும். மீன் தெரிந்தால் முள் தெரியும். நரம்பு, ரீல், ராடு எல்லாம் அதன் பின்னால் வரிசையாக வந்துவிடும். பலர் பளபளப்பான ராடில் தொடங்கிக் கடைசியில் தண்ணீரைத் தேடுகிறார்கள். அங்கேதான் காசு வீணாகிறது.

எந்தத் தண்ணீரில் என்ன மீன் கிடைக்கும்?

ஏரி, குளம், கண்மாயில் ஜிலேபி, கெண்டை, ரோகு, கட்லா, கெளுத்தி, விரால். ஆற்றில் இவற்றோடு வாளையும் விலாங்கும். முட்டுக்காடு, பழவேற்காடு போன்ற உப்பங்கழிகளில் (கடல்நீரும் நன்னீரும் கலக்கும் இடம்) மடவை, கொடுவா, செப்பிலி. மணல் கடற்கரையில் கிழங்கான், கடல் கெளுத்தி. பாறையும் தூண்டில் வளைவும் (கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் கரை) உள்ள இடங்களில் பாறை மீன், சீலா.

புதியவருக்கு எது நல்லது? ஜிலேபி உள்ள குளம். அது கரையோரத்திலேயே திரியும், மண்புழுவுக்குத் தயங்காமல் வாய் வைக்கும், சிறிய சாமான் போதும். வெளிநாட்டிலிருந்து வந்து நம் நீர்நிலைகளில் பெருகிவிட்ட மீன் என்பதால், பிடித்ததைச் சமையலுக்கு எடுத்துப் போவதிலும் தயக்கம் வேண்டாம்.

ஊர் ஏரியில் யார் வேண்டுமானாலும் போடலாமா?

இல்லை. பெரும்பாலான ஏரி, கண்மாய்களில் மீன்பாசி குத்தகை (மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையை ஏலத்தில் விடுவது) நடக்கிறது. ஏலம் எடுத்தவர் காசு கொடுத்துக் குஞ்சு விட்டிருப்பார். நீங்கள் கேட்காமல் போட்டால் அவருக்கு அது திருட்டு. கரையில் உள்ள டீக்கடையில் ‘குத்தகை யார் எடுத்திருக்காங்க?’ என்று கேளுங்கள், பெயர் வந்துவிடும். ‘அண்ணே, ஒரு தூண்டில் மட்டும் போட்டுக்கறேன்’ என்று நேரில் கேட்டால் பலர் சம்மதிப்பார்கள். சிலர் சிறு தொகை கேட்பார்கள். சிலர் முடியாது என்பார்கள். மூன்றையும் மதியுங்கள்.

அணைகளில்? சாத்தனூர், பவானிசாகர், ஆழியாறு, அமராவதி போன்ற நீர்த்தேக்கங்களில் மீன்பிடிப்பு அரசின் மீன்வளர்ச்சிக் கழகத்தின் கையில் இருந்து வந்திருக்கிறது. அங்குள்ள மீன்வள அலுவலகத்தில் அனுமதி கேட்ட பிறகே தூண்டிலை விரியுங்கள்.

கோடையில் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் நடக்கும் மீன்பிடித் திருவிழா வேறு கதை. நீர் வற்றிய கண்மாயில் ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசியதும் எல்லோரும் ஊத்தாவும் (மீனின் மேல் கவிழ்த்துப் பிடிக்கும் கூடை) வலையுமாக இறங்குவார்கள். அது ஊர் வழக்கம். போனால் அந்த ஊர் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள்.

கடலில் மீன்பிடித் தடைக்காலம் எனக்கும் உண்டா?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன் இனப்பெருக்கக் காலத்தில் இழுவலைப் படகு போன்ற விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பதற்கான தடை இது. கரையில் நின்று ஒற்றைத் தூண்டில் போடுபவரை அது கட்டுப்படுத்துவதில்லை. ஆனால், ‘ஆழ்கடலுக்குக் கூட்டிப் போகிறேன்’ என்று ஒருவர் இந்த நாட்களில் விசைப்படகுக்கு ஆள் சேர்த்தால் ஏறாதீர்கள்.

எங்கே போடவே கூடாது?

சரணாலயம், தேசியப் பூங்கா, காப்புக்காடு. வேடந்தாங்கல் ஏரி பார்க்க ஏரிதான். சட்டப்படி அது பறவைகள் சரணாலயம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் கடல்வாழ் தேசியப் பூங்கா. காவிரிக் கரையின் பல பகுதிகளும் இன்று சரணாலய எல்லைக்குள் வருகின்றன. துறைமுகம், அணுமின் நிலையம், கடற்படை இடங்களை ஒட்டிய கரைகளும் வேண்டாம். சந்தேகம் வந்தால் வனச்சரகர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ராடு எப்படித் தேர்ந்தெடுப்பது?

கைப்பிடிக்குச் சற்று மேலே சிறு எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். நீளம், வலிமை, எத்தனை கிராம் எடையை வீசலாம் என்ற மூன்றும் அங்கே இருக்கும். ஏரிக்கும் கழிக்கும் 7 அடி, ‘மீடியம்’ வலிமை, 10 முதல் 30 கிராம் வரை வீசக்கூடியது போதும். மணல் கடற்கரையில் அலையைத் தாண்டி வீச வேண்டும். அங்கே 9 அல்லது 10 அடி, 60 முதல் 100 கிராம் ஈயத்தைத் தாங்குவது வேண்டும். இரண்டு வேலைக்கும் ஒரே ராடு என்று யாராவது விற்றால், இரண்டிலும் அது அரைகுறையாகத்தான் இருக்கும்.

வாங்கும்போது வீட்டிலிருந்து கொஞ்சம் பஞ்சு எடுத்துப் போங்கள். ராடில் நரம்பு நுழைந்து போகும் ஒவ்வொரு வளையத்தின் உள்விளிம்பிலும் அதைச் சுற்றித் தேயுங்கள். எங்காவது பஞ்சு இழை சிக்கினால் அங்கே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. அந்தக் கீறல் உங்கள் நரம்பை மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். அந்த ராடை வைத்துவிட்டு வேறொன்றைக் கேளுங்கள்.

மடக்கு ராடு வாங்கலாமா? பையில் அடங்கும் வசதிதான் அதன் பலம். அடுக்கடுக்காக நுழையும் மூட்டுகளில் மணலும் உப்பும் ஏறிச் சிக்கிக்கொள்வது அதன் பலவீனம். பைக்கில் போகிறவர்கள் இரண்டு துண்டாகப் பிரியும் ராடு வாங்குவது மேல்.

ரீல்?

ஸ்பின்னிங் ரீல் (ராடுக்கு அடியில் தொங்கும், கைப்பிடியைச் சுற்றினால் நரம்பை இழுக்கும் உருளை) வாங்குங்கள். ராடுக்கு மேலே உட்காரும் பெய்ட்காஸ்டர் வகையில் நரம்பு சிக்கு விழாமல் வீசப் பழக நாளாகும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரீலின் மேல் இருக்கும் எண் அதன் அளவு. ஏரிக்கு 2500 அல்லது 3000, கழிக்கு 4000, கடற்கரைக்கு 5000 அல்லது 6000. ‘12 பேரிங்’, ‘14 பேரிங்’ என்ற விளம்பரத்துக்கு மயங்க வேண்டாம். கைப்பிடியை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு இல்லாமல், ஆட்டம் இல்லாமல் சுற்றினால் நல்ல ரீல்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? ராடில் சிக்கனம் பிடியுங்கள், ரீலில் பிடிக்காதீர்கள். சுமாரான ராடு சில ஆண்டு உழைக்கும். மலிவு ரீல் ஒரு பருவக் கடல் உப்பிலேயே இறுகிப்போகும்.

நரம்பில் எத்தனை வகை?

இரண்டு போதும். ஒன்று, நம் கடலோரத்தில் தங்கூசி என்று சொல்லும் ஒற்றை இழை நைலான். மலிவு, கொஞ்சம் நீளும், முடிச்சு நன்றாக நிற்கும். புதியவருக்கு இதுவே சரி. ஏரிக்கு 0.30 மி.மீ. தடிமன், கடற்கரைக்கு 0.35 முதல் 0.40.

இன்னொன்று பிரெய்டு (பல மெல்லிழைகளைப் பின்னிய நரம்பு). அதே தடிமனில் பல மடங்கு பலம், தூரம் போகும், மீன் தொட்டால் கை உடனே உணரும். ஆனால் கல்லில் உரசினால் பட்டென்று அறும், இழுக்கும்போது விரலையும் அறுக்கும். அதனால் அதன் நுனியில் ஒன்றரை அடி, இரண்டடி தடித்த நைலானை லீடராக (மீனுக்கும் மெயின் நரம்புக்கும் இடையே நிற்கும் காவல் துண்டு) கட்டுவார்கள். கொடுவாவின் செவுள்மூடி கத்தி போல் இருக்கும். லீடர் இல்லாமல் அதைக் கரைசேர்ப்பது கடினம்.

நரம்பை ரீலில் எவ்வளவு சுற்றுவது? உருளையின் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை. வழிய வழியச் சுற்றினால் வீசும்போது கொத்தாகக் கொட்டிச் சிக்கு விழும். பாதி சுற்றினால் விளிம்பில் உரசித் தூரம் போகாது.

முள்ளின் எண் ஏன் தலைகீழாக இருக்கிறது?

எல்லாப் புதியவரும் குழம்பும் இடம் இது. 10, 8, 6, 4, 2, 1 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1-க்குப் பிறகு 1/0, 2/0, 3/0 என்று எண் கூடக் கூடப் பெரிதாகும். ஜிலேபிக்கு 8 அல்லது 10, கெண்டைக்கு 4 அல்லது 6, கிழங்கானுக்கு 6 அல்லது 8, விராலுக்கும் கொடுவாவுக்கும் 2/0 முதல் 4/0 வரை. பெரிய முள் போட்டால் பெரிய மீன் வரும் என்பது கணக்கில்லை. வாய்க்குள் போகாத முள்ளில் எந்த மீனும் வராது.

முடிச்சு எப்படிப் போடுவது?

ஒரே ஒரு முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குப் பழகுங்கள். நரம்பை முள்ளின் துளையில் விட்டு ஒரு சாண் வெளியே இழுங்கள். அந்த நுனியை மெயின் நரம்பின் மேல் ஐந்தாறு முறை முறுக்குங்கள். முள்ளுக்கு ஒட்டினாற்போல் ஒரு சிறு கண்ணி உருவாகியிருக்கும். நுனியை அதற்குள் நுழையுங்கள். இப்போது முறுக்குக்கு மேலே ஒரு பெரிய கண்ணி இருக்கும். நுனியை அதற்குள்ளும் விடுங்கள்.

இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனையுங்கள். உலர்ந்த நைலானை இறுக்கினால் உரசும் சூட்டிலேயே அது பலம் இழக்கும். மெதுவாக இழுத்தால் முறுக்குகள் அடுக்கடுக்காகப் படியும். நுனியை 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போனதாகச் சொல்லப்படும் பல கதைகளில் போனது முடிச்சுதான். நரம்பின் நுனி சுருள் சுருளாகத் திரும்பி வந்தால் அவிழ்ந்தது முடிச்சு என்று தெரிந்துகொள்ளலாம்.

ரீலில் உள்ள திருகு எதற்கு?

அது ட்ராக் (மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிமானம்). இறுக்கி வைத்தால் நரம்பு அறும், தளர்த்தி வைத்தால் முள் ஏறாது. நரம்பின் பலத்தில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பது வழக்கம்.

வீட்டிலேயே அளந்துவிடலாம். உங்கள் நரம்பு 15 பவுண்டு என்றால் ஏறக்குறைய 7 கிலோ தாங்கும். 2 லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி நரம்பில் கட்டுங்கள். ராடில்லாமல் ரீலை மட்டும் கையில் பிடித்துத் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழும்பும் நேரத்தில் நரம்பு மெல்ல நழுவத் தொடங்கினால் ட்ராக் சரி. எழும்பாமலே நழுவினால் கொஞ்சம் இறுக்குங்கள். நழுவவே இல்லையென்றால் தளர்த்துங்கள்.

இரையா, லூரா?

லூர் என்பது மீன், தவளை, இறால் போலச் செய்த போலி இரை. திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் அதற்கு உயிர் கொடுப்பது உங்கள் கையின் வேலை, அதற்குப் பயிற்சி வேண்டும். முதல் சில வாரம் இரையே போதும். ஜிலேபிக்கு மண்புழு, கெண்டைக்கும் ரோகுவுக்கும் தவிடு கலந்து பிசைந்த மாவு உருண்டை, கெளுத்திக்குக் கோழிக்குடல், கடலிலும் கழியிலும் இறாலும் சாளைத் துண்டும்.

விராலுக்கு மட்டும் ரப்பர் தவளையை முயன்று பார்க்கலாம். அல்லி இலைகளுக்கும் பாசிக்கும் மேலே துள்ளவிட்டு இழுத்தால் விரால் பாய்ந்து கவ்வும். ஆனால் செந்நிறக் குஞ்சுகள் பந்து போலத் திரண்டு மேலே வந்து போவதைப் பார்த்தால் அங்கே வீசாதீர்கள். அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும். தவளை விழுந்ததும் குஞ்சைக் காக்கத்தான் அது பாயும், எளிதாக மாட்டும். அதை எடுத்துவிட்டால் அந்தக் குஞ்சுக் கூட்டம் மற்ற மீன்களுக்கு இரை.

எந்த நேரத்தில் போனால் கிடைக்கும்?

ஏரியில் விடியலும் அந்தி சாயும் நேரமும். நண்பகல் வெயிலில் மீன் ஆழத்துக்கும் நிழலுக்கும் போய்விடும். கடலிலும் கழியிலும் கடிகாரத்தைவிட ஓதத்தை (கடல்நீர் ஏறி இறங்குவது) பாருங்கள். நீர் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும்போது இரை நகரும். அதைத் தேடி மீனும் வரும். நீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் டீ குடிக்கலாம்.

எந்த மீனைக் கையால் தொடக் கூடாது?

கெளுத்திக்கு முதுகிலும் இரு பக்கச் செட்டையிலும், தேளிக்கு இரு பக்கச் செட்டையிலும் கூரிய முள் உண்டு. தேளியின் முள்ளில் நஞ்சும் உண்டு. குத்தினால் பெரியவர்களே அழுவார்கள். கடலில் திருக்கையின் வாலில் அதைவிட மோசமான முள். குத்திவிட்டால், கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காயத்தை வைத்திருங்கள், வலி குறையும். பிறகு மருத்துவரிடம் போய்விடுங்கள். முள் உள்ளே முறிந்திருக்கலாம்.

பேத்தை மாட்டினால்? வயிற்றை ஊதிக்கொண்டு பந்தாகும் மீன் அது. வேடிக்கை பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். அதன் ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது; உயிரைக் குடிக்கும்.

கடல் குதிரை, கடல் அட்டை, ஆமை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் உள்ளவை. குளத்தில் தூண்டிலில் ஆமை மாட்டுவது அடிக்கடி நடக்கும். இழுத்துப் பிடுங்க வேண்டாம்; முள் தெரிந்தால் குறட்டால் எடுங்கள், தெரியாவிட்டால் நரம்பை வாயருகே வெட்டி நீரில் விடுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போவது குற்றம்.

உயிருக்கு ஆபத்து எங்கே இருக்கிறது?

மீனிடம் இருப்பதைவிட அதிகமாகச் சுற்றுப்புறத்தில்தான். முதலாவது மின்கம்பி. இன்றைய ராடுகள் பலவும் கார்பன் இழையால் ஆனவை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஏரிக்கரையில் தலைக்கு மேல் கம்பி போனால் அங்கே ராடை நிமிர்த்தவே கூடாது. இடி இடித்தால் ராடைப் படுக்கவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டாவது தண்ணீர். மணல் அள்ளிய ஆறுகளில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியில் ஆளை முழுக்கும் பள்ளம் இருக்கும். அணை திறந்தால் நீர்மட்டம் சட்டென்று ஏறும். ஆற்றின் நடுப் பாறையில் உட்கார்ந்து போடுவது வேண்டாம். குமரிக் கரையில் காற்றும் மழையும் இல்லாத நாளில்கூடத் திடீரென்று பேரலை எழும். மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம்) அதற்கு முன்னெச்சரிக்கை விடும். அந்த நாளில் தூண்டில் வளைவின் பக்கமே போகாதீர்கள். பாறையில் நிற்பவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது உங்கள் முள். வீசும் முன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பாருங்கள். கண்ணாடி அணியுங்கள். முள் சதைக்குள் கொக்கியோடு இறங்கிவிட்டால் வந்த வழியில் இழுக்காதீர்கள். நரம்பை வெட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள், தடுப்பூசியும் தேவைப்படும். கண்ணருகே என்றால் தொடவே வேண்டாம்.

பிடித்த மீனை என்ன செய்வது?

உண்ணப் போகும் மீனை உடனே தலையில் தட்டிக் கொன்று ஐஸில் வையுங்கள். துடிக்கத் துடிக்கப் பையில் கிடந்த மீன் ருசியும் இழக்கும். நகரக் கழிவு கலக்கும் ஏரியில் பிடித்ததைச் சமைக்காதீர்கள்.

விடப் போகிறீர்கள் என்றால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். அதுதான் அதற்கு நோய்த்தடுப்பு. படம் எடுக்கச் செவுளில் விரலை விட்டுத் தூக்கி ஆட்டாதீர்கள். முள்ளின் உள்கொக்கியை முன்பே குறட்டால் நசுக்கி வைத்தால் மீனிலிருந்தும், நேரம் கெட்டால் உங்கள் விரலிலிருந்தும் சுலபமாக வரும்.

காவிரியில் வாழும் திமிலுள்ள பெருங்கெண்டை மகசீரை 2018-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது. ஒரு காலத்தில் உலகெங்கும் இருந்து தூண்டில்காரர்கள் தேடி வந்த மீன் அது. உங்கள் கையில் அது வந்தால், அதை நீரை விட்டு வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றி விடுவதுதான் சரி.

அறுந்த நரம்பை அங்கேயே போட்டுவிட்டு வராதீர்கள். நைலான் பல்லாண்டுக்கு மக்காது. கொக்கும் நீர்க்காகமும் அதில் கால் சிக்கிச் சாகின்றன. சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

வெடி, மருந்து போட்டால் நிறையக் கிடைக்கும் என்கிறார்களே?

வெடியும் நஞ்சும் போட்டு மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடுத்துவிட்டது. கை போனவர்கள் கதையும் கடலோரத்தில் நிறைய உண்டு. கூட வருகிறவர் பையில் அப்படி எதையாவது பார்த்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்; வழக்கு கூட இருந்தவரையும் சேர்த்தே வரும்.

சரி, வேட்டை? முயல், கௌதாரி, காடை மட்டுமாவது?

கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அட்டவணைகளில் உள்ள காட்டுயிர்களை வேட்டையாடுவது குற்றம். முயல், கௌதாரி, காட்டுக்காடை, கொக்கு, உடும்பு, மயில் எல்லாம் அந்த அட்டவணைகளில் வருகின்றன. ‘என் சொந்தத் தோட்டத்தில்தானே’ என்ற வாதம் நிற்காது. நிலம் உங்களுடையது, அதில் ஓடும் முயல் உங்களுடையதல்ல.

‘சுடவில்லை, சுருக்குதான் வைத்தேன்’ என்றால்? பொறி வைப்பது, பிடிப்பது, விரட்டுவது, அதற்கு முயல்வது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். உண்டிவில்லும் கண்ணியும் அவுட்டுக்காயும் (இரைக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) இதில் அடங்கும். முதல் அட்டவணை உயிர் என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை; அபராதமும் உண்டு. பயன்படுத்திய வண்டியும் பறிமுதலாகும். கறியை வாங்கித் தின்றவரும் தப்ப முடியாது. வாட்ஸ்அப்பில் போட்ட படத்தை வைத்தே வனத்துறை வீட்டுக்கு வந்த சம்பவங்கள் உண்டு.

காட்டுப்பன்றி பயிரை அழிக்கிறதே, அதையுமா? அதற்கும் வழி வனத்துறைதான். மனுக் கொடுங்கள். சுடுவது என்று முடிவானாலும் அரசு ஆணையின்படி அவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

ஏர்கன் வாங்கலாமா?

குறைந்த சக்தியுள்ள சில ஏர்கன்களை உரிமம் இல்லாமலே கடையில் விற்கிறார்கள். வாங்குவது சட்டப்படி சரியாக இருக்கலாம். அதைக் கொண்டு ஒரு புறாவையோ கொக்கையோ சுட்டால் மேலே சொன்ன சட்டம் அப்படியே பாயும். உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பதோ, சுடாவிட்டாலும், ஆயுதச் சட்டப்படி தனிக் குற்றம்.

குறி பார்த்துச் சுடும் ஆசைதான் என்றால் ரைஃபிள் கிளப்பில் சேருங்கள். சென்னையிலும் கோவையிலும் இருக்கின்றன. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் ஒலிம்பிக் விளையாட்டு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அதில் உலகத் தரவரிசையில் முதலிடம் வரை போனவர். துப்பாக்கி, பயிற்சியாளர், பாதுகாப்பு விதி எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும்.

காட்டில் தடம் தேடி, பதுங்கி, காத்திருக்கும் சுகம்தான் இழுக்கிறது என்றால் ஒரு பைனாகுலர் வாங்குங்கள். 8x42 என்று எழுதியிருப்பதைக் கேளுங்கள்: 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மி.மீ. அகலம் என்று பொருள். 20x, 30x என்று விற்பதை வாங்காதீர்கள். கை நடுங்கும்போது படமும் நடுங்கும், ஒன்றும் தெரியாது. தூண்டிலுக்குப் போகும் ஏரிக்கே அதையும் கொண்டு போகலாம்.

மொத்தத்தில் கையில் என்ன இருந்தால் போதும்?

ஏரிக்குப் போகும் புதியவருக்கு: 7 அடி ராடு, 2500 அல்லது 3000 ரீல், 0.30 நைலான் நரம்பு ஒரு சுருள், 8-ஆம் எண் முள் ஒரு பாக்கெட், சிறு ஈயக்குண்டுகள், இரண்டு தக்கை, மூக்குக் குறடு, நகவெட்டி, பழைய துண்டு, தொப்பி, குடிநீர், முதலுதவிக் கட்டு. லூர்ப் பெட்டி, மீன்பிடிச் சட்டை, சத்தம் போடும் மணி எதுவும் இப்போது வேண்டாம். கடலுக்குப் போய் வந்தால் ரீலின் மேல் நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துத் துடைத்து, நிழலில் காயவைத்து, ட்ராக்கைத் தளர்த்தி வையுங்கள். குழாயைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போகும்.

போனேன், ஒன்றும் மாட்டவில்லை. என்ன மாற்றுவது?

ராடை மாற்றத் தோன்றும்; மாற்றாதீர்கள். இந்த வரிசையில் பாருங்கள். முதலில் ஆழம்: தக்கையை ஒரு சாண் ஏற்றி இறக்குங்கள். அடுத்து முள்: ஒரு அளவு சிறிதாக்குங்கள். அடுத்து இரை: மண்புழு முள்ளை மூடியிருக்கிறதா, வால் கொஞ்சம் நெளிகிறதா? அடுத்து இடம்: வெட்டவெளியை விட்டுக் கோரை ஓரத்துக்கும் மதகுப் பக்கத்துக்கும் நகருங்கள். கடைசியாக நேரம்: நாளை ஒரு மணி நேரம் முன்னதாக வாருங்கள். இந்த ஐந்தையும் மாற்றிப் பார்த்த பிறகும் ஒன்றும் இல்லையென்றால், அதே கரையில் மூங்கில் கம்பும் ஒரு முழ நரம்பும் வைத்துக்கொண்டு பிடித்துக்கொண்டிருக்கும் பெரியவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் இரையை எப்படிக் கோக்கிறார் என்று பாருங்கள், மரியாதையாகக் கேளுங்கள். அந்தத் தண்ணீரைப் பற்றி எந்தக் கடைக்காரரையும் விட அவருக்குத்தான் அதிகம் தெரியும்.